அடுப்பு மேடைச் சுவருக்கு எதைப் போடலாம்?

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். ஒரு அங்குலச் சதுரங்களாக வெள்ளை மொசைக், பூப்போட்ட ஆத்தங்குடி, சாம்பல் நிறக் கண்ணாடி. மூன்றும் கண்ணுக்கு அழகு. ஆனால் இது தினமும் கடுகு வெடித்து, மீன் பொரித்து, புளிக்குழம்பு தெறிக்கப்போகிற சுவர். கடையில் பார்த்த அழகை அந்தச் சமையலோடு சேர்த்து வைத்துப் பார்.

டைல்ஸில் அழுக்கு படிவது பெரும்பாலும் டைல்ஸின் மேல் அல்ல, இடுக்கில். பளபளப்பான டைல்ஸின் மேல்பூச்சு சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிதான். மஞ்சளும் எண்ணெயும் அதற்குள் இறங்காது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே அடைக்கிற சிமெண்ட் கிரவுட்டில் நுண்துளைகள் இருக்கும். எண்ணெயை அது குடித்துவிடும். முதலில் மஞ்சளிக்கும், பிறகு பிசுக்கேறிக் கறுக்கும். தேய்த்தாலும் பழைய நிறம் வராது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். உன் மேடை 14 அடி நீளம், மேல் அலமாரி வரை 2 அடி உயரம் என்று வைத்துக்கொள். 28 சதுர அடி. ஒரு அங்குல மொசைக் போட்டால் சதுர அடிக்குச் சுமார் 24 அடி இடுக்கு, மொத்தம் 670 அடிக்கு மேல். 3க்கு 6 அங்குல வெள்ளை டைல்ஸ் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் பதித்த அளவு அது. அதற்கு ஏறக்குறைய 168 அடி. 1க்கு 2 அடி டைல்ஸை நெட்டுவாக்கில் நிறுத்தினால் 14 டைல்ஸ், நடுவே 13 கோடு, வெறும் 26 அடி. அதனால்தான் மொசைக்கை விட்டுவிடு என்கிறேன்.

ஆத்தங்குடியின் மேல் எனக்கும் ஆசை உண்டு. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது, சூளை காணாதது. சிமெண்ட் என்பதால் புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் போடு, நடக்க நடக்க மெருகேறும். அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். மார்பிளும் புளிப்புக்குத் தாங்காது.

கண்ணாடியில் இடுக்கே கிடையாது என்பது பெரிய வசதி. டஃபண்ட் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி அடுப்புச் சூட்டில் விரிசல் விடும். டஃபண்ட் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. மிக்ஸி, கிரைண்டர் பிளக் எங்கே வரும் என்று முன்பே அளந்து கொடுத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் வேறு. சிங்க் பக்கம் உப்புப் புள்ளி வெள்ளை வெள்ளையாகத் தெரியும், தினம் துடைக்க வேண்டிவரும்.

மேடைக் கிரானைட்டையே சுவரிலும் ஏற்றலாம், கறைக்குப் பயமில்லை; ஆனால் ஒரே ஜன்னல் உள்ள சமையலறையில் கறுப்புக் கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். பிவிசி, அக்ரிலிக் பலகைகளைக் கேஸ் அடுப்புக்குப் பின்னால் ஒருபோதும் வைக்காதே, சூட்டில் நெளியும்.

என் தேர்வு, வெளிர் நிறத்தில் 1க்கு 2 அடி பளபளப்பு செராமிக். சொரசொரப்பான மேட் டைல்ஸில் பிசுக்கு பிடித்தால் துணிக்கு வராது. பழக்கூடை, டீ கப் படம் போட்ட ஹைலைட்டர் டைல்ஸைக் கடைக்காரர் நடுவில் சேர்க்கச் சொல்வார். சேர்க்காதே, பார்த்துப் பார்த்துச் சலித்தாலும் அதை உடைத்துத்தான் எடுக்க முடியும். வாங்குவதற்கு முன் ஒரு டைல்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, ஒரு ராத்திரி வைத்துத் துடைத்துப் பார்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இரு. செராமிக்கைச் சிமெண்ட்டில் ஒட்டுவதானால் தண்ணீரில் நன்றாக ஊறப்போட வேண்டும். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது, அதற்கு டைல்ஸ் பசைதான் சரி. சில மேஸ்திரிகள் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து அழுத்திவிடுவார்கள். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பார். பொள்ளையாகச் சத்தம் வந்தால் உள்ளே வெற்றிடம், அதைக் கழற்றி மறுபடி ஒட்டச் சொல். இடுக்குக்கு எபாக்சி கிரவுட் கேள். விலை கூடத்தான், எண்ணெய் ஏறாது. இறுகுவதற்குள் டைல்ஸ் மேல் படிந்ததைத் துடைத்துவிட வேண்டும். மேடையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் சிலிகான். அங்கே கிரவுட் அடைத்தால் விரிசல் விட்டுத் தண்ணீர் பின்னால் இறங்கும், கரப்பான் குடியேறும்.

எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. எண் மாறினால் நிறம் லேசாக மாறும். ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துப் பரணில் வை. பிளக், ஜன்னல், சிம்னி அளவுகளை ஒரு தாளில் வரைந்து அனுப்பு, எத்தனை பெட்டி வேண்டுமென்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா