ஸ்டாம்பை உரிக்காதீர்கள்!

எது, எப்போது, எங்கிருந்து? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழைப் பெண் ஒருத்தி தனக்கு வந்த கடிதத்தை வாங்காமல் திருப்பிக் கொடுத்தாளாம். அதைப் பார்த்த ரோலண்ட் ஹில் அவளுக்காகக் காசு கொடுத்தாராம். அப்படித்தான் தபால் தலை பிறந்தது என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவி, அவனியாபுரம்

கதை சரி, கதாநாயகன்தான் தப்பு. காசு கொடுத்தவர் கவிஞர் கோல்ரிட்ஜ். இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் அவர் நடந்து போகும்போது, ஒரு வீட்டு வாசலில் தபால்காரர் கடிதத்தை நீட்டி ஒரு ஷில்லிங் கேட்கிறார். அன்றைக்குப் பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான் கூலி கொடுக்க வேண்டும். அந்தப் பெண் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று கொடுத்துவிடுகிறாள். கவிஞருக்கு மனம் கேட்கவில்லை. அவள் தடுக்கத் தடுக்க ஷில்லிங்கை எடுத்துக் கொடுத்தார்.

தபால்காரர் தெரு முனை தாண்டியதும் அவள் கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே வெறும் தாள்! வெற்றுத்தாள் வந்தால் அண்ணன் சுகமாக இருக்கிறான் என்பது அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. கடிதம் வந்தது தெரிந்தால் போதும், பிரிக்கவே வேண்டாம். கவிஞரின் ஷில்லிங்தான் வீண். வெற்றுத்தாளுக்கு அவ்வளவு விலை கொடுத்த கவிஞர் வேறு யாரும் இருக்க முடியாது.

1837-இல் தபால் சீர்திருத்தம் பற்றி ஹில் வெளியிட்ட பிரசுரத்தில் இந்தக் கதையை உதாரணமாகச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் கவிஞரை வெளியே தள்ளிவிட்டு ஹில்லையே அந்த வாசலில் நிறுத்திவிட்டார்கள். நடுவில் நடந்த பாராளுமன்ற விவாதங்களை விட்டுவிடுவோம், தூக்கம் வரும். 1840 மே மாதம் முதல் தபால் தலையான ‘பென்னி பிளாக்’ வந்தது. அனுப்புகிறவரே முன்கூட்டிக் காசு கட்டும் வழக்கம் வேர் பிடித்தது.

நம் ஊருக்கு ஸ்டாம்பு ஒட்டும் சலுகை 1854 அக்டோபர் 1-இல் வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. மதுரையிலிருந்து மேலூருக்கும் அதே அரை அணா, கல்கத்தாவுக்கும் அதே அரை அணா. ஸ்டாம்பு ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவர் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். பேரிங் தபால் என்று தாத்தாக்கள் முகம் சுளித்தது இதைத்தான். பிடிக்காத சம்பந்திக்கு எழுத இதைவிடத் தோதான தபால் உண்டா?

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஸ்டாம்புகளைச் சேர்க்க ஆசை. மதுரையில் அவற்றுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?
– வங்கி ஊழியர், திருநகர்

திருநகரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! பக்கத்தில் பசுமலை இருக்கிறது. பாஸ்டன் நகரத்து மிஷன் சங்கம் யாழ்ப்பாணத்தில் காலூன்றியிருந்தது. அங்கிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தது. திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய அதன் செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. அமெரிக்கன் கல்லூரியின் வேரும் அந்தப் பசுமலையில்தான், 1881-இல்.

இந்த மிஷனரிகள் ஓயாமல் கடிதம் எழுதினார்கள். மழை பெய்யவில்லை, காலரா வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும் என்று எல்லாவற்றையும் பாஸ்டனுக்கு எழுதினார்கள். 1850-களில் அந்தக் கடிதம் போன பாதையைப் பாருங்கள். முதலில் தபால் ஓட்டக்காரர் தோள் பையில். பிறகு கப்பலில் சூயஸ். கால்வாய் 1869-இல்தான் வந்தது, அதனால் எகிப்தைத் தரை வழியே கடக்க வேண்டும். அப்புறம் மத்தியதரைக் கடல், இங்கிலாந்து, அட்லாண்டிக். ஒவ்வொரு கையும் ஒரு முத்திரை குத்தும். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் 1848-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, காசு கட்டியாகிவிட்டால் சிவப்பு மையும் பாக்கி இருந்தால் கறுப்பு மையும் பொது வழக்கமாயின. கறுப்பைப் பார்த்தாலே பாஸ்டன்காரர் பையைத் தடவியிருப்பார்.

இந்தக் குழப்பம் தீர்ந்தது பெர்ன் நகரத்தில் 1874 அக்டோபர் 9-இல் கையெழுத்தான உடன்படிக்கையால். அமெரிக்கா 1875 ஜூலையில் அதன்படி நடக்கத் தொடங்கியது, இந்தியா 1876 ஜூலையில் சேர்ந்தது. அதற்கு முந்தைய உறைகளில்தான் சுவாரசியம் முழுவதும். சங்கத்தின் பழைய ஆவணங்கள் இப்போது ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நம் வைகைக் கரையின் பஞ்சமும் வெள்ளமும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் கேட்ட அமெரிக்க ஸ்டாம்பு? நாடு முழுவதற்குமான முதல் ஸ்டாம்புகள் 1847 ஜூலை 1-இல் வந்தன. 5 சென்ட்டில் பிராங்க்ளின், 10 சென்ட்டில் வாஷிங்டன். 300 மைலுக்குள் 5, அதைத் தாண்டினால் 10. தனி ஸ்டாம்பாக வாங்காதீர்கள். உறையோடு தேடுங்கள். ஸ்டாம்பை மட்டும் உரித்து வைத்துக்கொள்வது, காளையை விட்டுவிட்டு மூக்கணாங்கயிற்றை மட்டும் அவனியாபுரம் வாடிவாசலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது போல. எங்கே புறப்பட்டது, எந்தக் கப்பல், யார் காசு கட்டினார் என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது.

கேள்வி: மிஷனரி ஸ்டாம்பு என்றே ஒன்று உண்டாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பசுமலை

உண்டு, அதுவும் உங்கள் பசுமலைக்கு ஒருவகையில் சொந்தம். அதே பாஸ்டன் சங்கம்தான் ஹவாய்த் தீவுக்கும் ஆள் அனுப்பியது. 1851-இல் ஹொனலூலு தபால் அதிகாரி ஹென்றி விட்னி, அச்செழுத்துகளைக் கோத்து, மெல்லிய தாளில் 2, 5, 13 சென்ட் ஸ்டாம்புகளை அடித்தார். பெரும்பாலும் மிஷனரிகளின் கடிதங்களில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

இதில் 2 சென்ட் ஸ்டாம்பு உறையோடு இருப்பது உலகத்திலேயே ஒன்றுதான். நியூயார்க்குக்குப் போன கடிதம். ஹவாய் ஸ்டாம்புகளுக்குப் பக்கத்திலேயே அமெரிக்காவின் 3 சென்ட் ஸ்டாம்புகள் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. யாரோ பழைய காகிதக் கட்டோடு இதை ஓர் உலைக்குள் திணித்துவிட்டார்கள். கட்டு இறுக்கமாக இருந்ததால் தீ பரவாமல் அணைந்துபோனது. பல ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்தபோது ஓரத்தில் ஒரு கருகல், அவ்வளவுதான். 1995 ஏலத்தில் அது சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது. தீயிலிருந்து தப்பிய உறையை ஒருவேளை தண்ணீரில் ஊற வைத்து ஸ்டாம்பை உரித்திருந்தால்? நினைக்கவே வயிறு கலங்குகிறது.

கேள்வி: பென்னி பிளாக் ஒன்று இருந்தால் கோடீஸ்வரர் ஆகலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், வில்லாபுரம்

ஆக முடியாது. 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் அச்சடித்தார்கள். முதல் ஸ்டாம்பு என்பது வேறு, அரிய ஸ்டாம்பு என்பது வேறு. வயது மட்டும் விலையைத் தராது. தந்தால் நம் தெருப் பெரியவர்கள் எல்லோரும் லட்சாதிபதிகள்.

கேள்வி: பாஸ்டன் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. சென்னை ஐஸ் ஹவுஸ் ஐஸ் அங்கிருந்தா வந்தது?
– குளிர்பானக் கடைக்காரர், பெருங்குடி

அங்கிருந்துதான்! பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர், உறைந்த குளங்களை அறுத்து, பாளங்களை மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கடலில் அனுப்பினார். கல்கத்தாவுக்கு 1833-இல் முதல் சரக்கு வந்தது. சென்னையில் 1842-இல் கிடங்கு எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். வழியில் உருகியது போக மீதியை விற்றே லாபம் பார்த்தவர் அவர். கடை நடத்துகிற உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, அவனியாபுரம்

முதலில் கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள். செல்லோ டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உறையையும் உள்ளே இருக்கும் கடிதத்தையும் பிரிக்காமல், ஈரம் படாத, வெயில் விழாத இடத்தில் தனித்தனித் தாளுக்குள் வையுங்கள். யார் யாருக்கு எழுதியது, அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதை வேறொரு தாளில் பென்சிலால் குறித்துக் கூடவே வையுங்கள். விலை விசாரிப்பது அப்புறம். பேரப்பிள்ளைகள் ஸ்டாம்பு கேட்டு அழுதால் தபால் நிலையத்தில் புது ஸ்டாம்பு வாங்கிக் கொடுங்கள். தாத்தாவின் உறையில் கை வைக்க விடாதீர்கள்.