தட்டச்சுப்பொறி தந்த எழுத்துரு: கூரியரை எந்தத் தாளுக்குப் பயன்படுத்தலாம்?

நம் பள்ளிக் கணினிகள் பலவற்றில் 'கூரியர் நியூ' என்ற ஆங்கில எழுத்துரு இருக்கிறது. பழைய அலுவலகக் கடிதம் போலத் தோன்றும் அதை வினாத்தாளுக்கும் செயல்தாளுக்கும் விரும்பித் தேர்வு செய்யும் ஆசிரியர்கள் உண்டு. அதன் வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்று தெரிந்துகொண்டால், எந்தத் தாளுக்கு அது உதவும், எந்தத் தாளில் மாணவரைத் தடுமாற வைக்கும் என்பதும் விளங்கும்.

1950களின் நடுப்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் தட்டச்சுப்பொறிகளுக்காக ஹோவர்டு கெட்லர் கூரியரை வடிவமைத்தார். அந்த வடிவத்தின் மீது ஐபிஎம் தனியுரிமை பெற்றுக்கொள்ளாததால் பிற நிறுவனங்களின் பொறிகளிலும் அது பரவியது.

தட்டச்சு பயின்றவர்களுக்கு இது தெரிந்ததே: எந்த எழுத்தை அடித்தாலும் பொறி ஒரே அளவு இடம்தான் நகரும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஐ' மெலிந்தது, 'எம்' அகன்றது. இரண்டுக்கும் ஒரே இடம் என்றால் 'ஐ'யின் இருபுறமும் வெற்றிடம் விழும், 'எம்' நெருக்குண்டு போகும். கெட்லர் 'ஐ', 'எல்' போன்றவற்றின் அடியில் நீண்ட கட்டை ஒன்றை வைத்து வெற்றிடத்தை நிரப்பினார். 'எம்' எழுத்தின் கால்களை நெருக்கி அமைத்தார். எழுத்து முனைகளில் வரும் இத்தகைய தட்டையான கட்டைகளுக்கு 'ஸ்லாப் செரிஃப்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் விளம்பரத் தாள்களில் கண்ணைக் கவர்வதற்காக இவை வந்துவிட்டன. தட்டச்சுப்பொறியில் அவற்றுக்கு இடத்தை நிரப்பும் வேலை கிடைத்தது.

இந்தச் சம அகலத்தை ஓர் அளவீட்டுப் பாடமாகவே நடத்தலாம். 12 பாயின்ட் கூரியரில் ஓர் அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்துகள். ஏ4 தாளின் அகலம் சுமார் 8.27 அங்குலம். இருபுறமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் ஒரு வரியில் எத்தனை எழுத்துகள் அடங்கும் என்று ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். விடை 62. பிறகு அச்சிட்ட தாளைக் கொடுத்து அளவுகோலால் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹாலிவுட்டில் திரைக்கதையை இன்றும் 12 பாயின்ட் கூரியரில்தான் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்பது அவர்கள் கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் எழுத்தளவு மாறாததால் அந்தக் கணக்கு ஓரளவு நிற்கிறது. இதைச் சொன்னால் வகுப்பில் ஆர்வம் தானாக வரும்.

கணினி அறிவியல் வகுப்பில் நிரல் எழுதுவதற்குச் சம அகல எழுத்துரு இன்றியமையாதது. பைத்தானில் வரித் தொடக்க இடைவெளி பிழையானால் நிரல் ஓடாது. எழுத்துகள் நெடுவரிசையில் நின்றால் பிழை கண்ணுக்குத் தெரியும். கூட்டல், கழித்தல் கணக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைக்கவும் இது வசதி. டைம்ஸ் நியூ ரோமனிலும் எண்கள் ஒரே அகலம்தான். ஆனால் வெற்றிடம் எண்ணைவிடக் குறுகியது. இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நேராக்கிய கணக்கு அங்கே கோணிக்கொள்ளும்.

இந்த வசதி தமிழ்வழித் தாள்களுக்குக் கிடைக்காது. கூரியர் நியூவில் தமிழ் எழுத்துகள் இல்லை. நாம் தமிழில் அடித்தால் கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதில் 'ர'வும் 'ண'வும் ஒரே அகலம் அல்ல. பொருத்துக வினாக்களைத் தமிழில் அமைக்கும்போது கோடு தெரியாத அட்டவணையைப் பயன்படுத்துவதே நல்லது.

வாசிப்புப் பத்திகளுக்குக் கூரியரைத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. இடத்தை அதிகம் பிடிக்கிறது, சொற்கள் சிதறித் தெரிகின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறையே 2004இல் தன் ஆவணங்களைக் கூரியர் நியூவிலிருந்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றியது. தொடக்க வகுப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூரியரின் சிறிய 'ஏ' தலையில் கொக்கியோடு இருக்கும். நாம் கரும்பலகையில் எழுதுவதோ ஒரு வட்டமும் அதை ஒட்டிய கோடும். எழுத்தை இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்ளும் குழந்தைக்கு இவை இரண்டு வேறு எழுத்துகள். டைம்ஸிலும் இதே கதைதான். பலரும் கேலி செய்கிற காமிக் சான்ஸில் 'ஏ' நாம் எழுதுவது போலவே இருக்கிறது! கூரியரில் எண் ஒன்றும் சிறிய 'எல்' எழுத்தும் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். பழைய பொறிகள் பலவற்றில் ஒன்றுக்குத் தனி விசையே கிடையாது, 'எல்'லைத்தான் அடித்தார்கள். இயற்கணித வினாக்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

நகல் எடுப்பதில்தான் பெரிய இடர். தட்டச்சுப்பொறியின் எழுத்து உலோகத்தில் மெலிதாகவே இருந்தது. மை நாடாவின் மீது அடி விழும்போது மை பரவி அது தடித்தது. கூரியர் நியூ அந்த மெலிந்த வடிவத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தது. கணினியில் நாடாவும் இல்லை, அடியும் இல்லை. அதனால் கோடுகள் நூல் போல நிற்கின்றன. நகலின் நகல் எடுக்கும்போது தசமப் புள்ளி மறையும், 'இ' எழுத்து 'சி' ஆகும். பார்வைக் குறைபாடுள்ள மாணவரும் கடைசி இருக்கையில் மங்கலான நகல் கிடைத்தவரும் கணக்குத் தெரிந்திருந்தும் மதிப்பெண் இழப்பார்கள். கூரியர்தான் வேண்டும் என்றால் தடித்த எழுத்தாக மாற்றி, 13 அல்லது 14 பாயின்ட் வைத்து, இரண்டு முறை நகல் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது நகலைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து எல்லாத் தசமப் புள்ளிகளையும் எண்ண முடிந்தால், அந்தத் தாளை வகுப்புக்குக் கொடுக்கலாம்.