வெயிலிலிருந்து படகுக் கருவிகளைக் காப்போம்



கடலோரக் குழுக்களில் நம்மில் பலர் கடன் வாங்கித்தான் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தவணை முடியறதுக்குள்ளே கருவி கெட்டுப்போனால் சுமை நமக்குத்தான். பணம் மட்டுமா? கரை எந்தப் பக்கம், எல்லைக்கோடு எங்கே என்று காட்டுவது ஜி.பி.எஸ். ஆபத்து நேரத்தில் 16-ஆம் சேனலில் உதவி கேட்பது வயர்லெஸில். ஆகவே இவை உயிர் காக்கும் பொருள்கள்.

உப்புத்தண்ணீர் பட்டால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலும் கெடுக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

வெயில் என்ன செய்யும்?

அதிகச் சூட்டில் திரை கறுத்துப்போகும். பேட்டரியின் ஆயுள் குறையும். சில சமயம் உப்பிவிடும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் நாளடைவில் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போகும். கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். பலவும் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பல செல்போன்களை 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டிக்குள் வெளியில் இருப்பதைவிடச் சூடு அதிகம்.

கடலில் செய்ய வேண்டியவை

1. கருவியை நிழல் விழும் இடத்தில் வைக்கச் சொல்வோம். இன்ஜின் பக்கத்தில் வேண்டாம்.
2. கறுப்புத் துணி சூட்டை இழுக்கும். வெள்ளைத் துணியால், காற்று போகும்படி தளர்வாக மூடலாம்.
3. பாலித்தீன் பை அலைக்கும் மழைக்கும் மட்டும்தான். வெயிலில் பைக்குள் சூடும் ஈரமும் தங்கிவிடும்.

கரையில் நாம் செய்ய வேண்டியவை

1. படகு கரை சேர்ந்ததும் கழற்றக்கூடிய கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவருவோம். மீன் விற்கிற அவசரத்தில் மதியம் முழுக்க மணலில் நிற்கிற படகிலேயே விட்டுவிடாதீர்கள். கழற்ற முடியாததை வெள்ளைத் துணி உறை போட்டு மூடுவோம்.
2. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைப்போம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் கூடவே கூடாது.
3. சூடாக இருக்கும் கருவியை உடனே சார்ஜ் போடக் கூடாது. நிழலில் ஆறட்டும்.
4. சூடு தணிய தண்ணீர் ஊற்றுவதோ ஃபிரிட்ஜில் வைப்பதோ தப்பு. உள்ளே ஈரம் பூத்துக் கெட்டுவிடும்.
5. வாரம் ஒரு தடவை ரப்பரையும் வயரையும் பார்ப்போம். வெடிப்பு இருந்தால் அடுத்த தடவை கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே சரிசெய்வோம்.

கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554. இதை வீட்டுச் சுவரிலும் எழுதி வைப்போம்.

குழுக் கூட்டத்தில் பேச:

நம் படகுக் கருவிகள் மதிய நேரத்தில் எங்கே இருக்கின்றன? யார் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்? பழைய வெள்ளை வேட்டியில் நாமே உறை தைக்கலாமா? பேசி முடிவெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.