திறக்காத பின்கதவு

கார்க் கதவு மூடினபடியே சிக்கிக்கொண்டால் ஒரு விசித்திரமான தொல்லை. லாக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கதவின் விளிம்பில் இருக்கும். விளிம்பு வெளியே தெரிய கதவு திறந்தாக வேண்டும். கதவு திறக்கவோ லாக்கைக் கழற்ற வேண்டும்!

எங்கள் பழைய ஹேட்ச்பேக்கில் இடப்பக்கப் பின்கதவு இப்படி மாட்டிக்கொண்டது. அம்மா எப்போதும் உட்காரும் பக்கம். திருவான்மியூரில் வெட்டவெளியில், கடற்காற்றில் நிற்கிற வண்டி. சர்வீஸ் சென்டரில் எட்டிப் பார்த்துவிட்டு, "டோர் பேடை உடைச்சுத்தான் சார் எடுக்கணும், லாக் செட்டே மாத்திடலாம்" என்றார்கள். கைப்பிடியைக்கூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். "பேடு இருக்கட்டும் தம்பி, மொதல்ல கைப்பிடிய இழுத்துப் பாருங்க. கையில என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார்.

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் சைல்ட் லாக்கின்மேல். வண்டியைக் கழுவும்போது யாராவது தட்டிவிட்டிருப்பார்கள்; வெளியே நின்று திறந்து, விளிம்பில் உள்ள அந்தச் சின்ன நெம்பைத் தள்ளிவிட்டால் போதும். கைப்பிடி தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் வந்தால், உள்ளே கம்பியோ கேபிளோ பிளாஸ்டிக் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கிறது. மற்றக் கைப்பிடி அநேகமாக வேலை செய்யும். இரண்டு கைப்பிடியிலும் ஸ்பிரிங் இறுக்கம் இருந்தும் திறக்கவில்லையா? ஒன்று, லாக் இன்னும் விடுபடவில்லை; அல்லது கொக்கியே இறுகிவிட்டது.

எங்களுடையது கடைசி ரகம். ரிமோட்டை அழுத்தினால் மற்ற மூன்று கதவிலும் 'டக்'. இந்தக் கதவில் மட்டும் 'ர்ர்' என்று ஒரு முனகல், கதவின் லாக் பட்டன் பாதி தூரம் வந்து நின்றுவிடும். மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, தள்ளத்தான் தெம்பில்லை என்று அர்த்தம். சத்தமே இல்லாவிட்டால் ஃப்யூஸையும், கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாயில் போகிற வயரையும் பார்க்க வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று பேர் சேர்ந்து ஒரு முயற்சி செய்யலாம். ஒருவர் ரிமோட்டை அழுத்த, அதே நேரம் உள்ளே இருப்பவர் பட்டனை விரலால் இழுத்துவிட வேண்டும். வெளியே இருப்பவர் கைப்பிடி உயரத்தில் கதவை இடுப்பால் உள்ளே அமுக்கிக்கொண்டு கைப்பிடியை இழுக்க வேண்டும். ரப்பர் பீடிங் கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் கொக்கியின் மேல் எப்போதும் பாரம் இருக்கும். அமுக்கினால் அது குறையும். நிறைய கதவுகள் இதிலேயே திறந்துவிடும் என்றார் அண்ணன். எங்களுடையது திறக்கவில்லை.

பிறகுதான் கதவின் உட்பக்க உறையான பேடைக் கழற்றினோம். பின்சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கி எடுத்தால் உட்கார்ந்து வேலை செய்ய இடம் கிடைக்கும். கண்ணாடி முழுக்க ஏறியிருக்க வேண்டும். இறக்கிவைத்தால் கதவுக்குள் கையை மறிக்கும். அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். கைப்பிடிக் குழியில் ஒரு ஸ்க்ரூ, கைதாங்கியில் ஒன்று. மீதியெல்லாம் கிளிப். அகலமான பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்து நெம்பினார். இரும்பு ஸ்க்ரூடிரைவர் என்றால் பேட் வடுப்படும். சில வண்டிகளில் விளிம்பிலும் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், அங்கே பேட் கொஞ்சம் பலியாகத்தான் செய்யும்.

பேடுக்குப் பின்னால் கருப்புப் பசையில் ஒட்டின பிளாஸ்டிக் ஷீட். அதை ஓரமாக உரித்து, செல்போன் டார்ச்சை உள்ளே காட்டினால், லாக்கைச் சுற்றி பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. பிசுக்கை இளக்கும் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை நுழைத்து அடித்துவிட்டு, டீ குடித்துவந்தோம். நீள ஸ்க்ரூடிரைவரால் உள்ளே இருந்த நெம்பை அவர் தள்ள, நான் வெளியே அமுக்கி இழுத்தேன். திறந்தது.

கதவு திறந்த சந்தோஷத்தில் பட்டென்று சாத்திவிடாதீர்கள். திறந்த கதவிலேயே ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மூடின நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். இரண்டு 'கிளிக்' கேட்க வேண்டும். பிறகு வெளிக்கைப்பிடியிலும் உள்கைப்பிடியிலும் தனித்தனியாக விடுபடுகிறதா, பேட்டரி வயரைத் திரும்ப மாட்டினால் ரிமோட்டில் லாக் பட்டன் முழுக்க வருகிறதா என்று பார்த்த பிறகே மூடலாம். எங்களுக்கு மோட்டாரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. கொக்கிக்கு வெள்ளை கிரீஸ் போட்டார். சாவித் துவாரத்தில் எண்ணெய் விடவேண்டாம், தூசியை இழுக்கும், கிராஃபைட் பொடி போதும் என்றார்.

இந்தப் பொறுமையெல்லாம் வண்டி காலியாக இருந்தால்தான். வெயிலில் மூடிய காருக்குள் குழந்தை மாட்டிக்கொண்டால் மெக்கானிக்கைத் தேடாதீர்கள். குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடையுங்கள். முன்கண்ணாடி வேண்டாம், அது இரண்டு அடுக்கு. விரிசல் விடுமே தவிர வழிவிடாது.

பேடைத் திரும்ப மாட்டும்போது அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டை வேண்டாத குப்பை என்று தூக்கிப்போடுகிற பட்டறைகள் உண்டு. பக்கத்தில் நின்று ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரைக் கீழ் ஓட்டைக்கு அனுப்புவது அதுதான். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கார்ப்பெட் நனைந்து நாறும்.