பாயை மாற்றச் சொன்னவர்

லெபோ குயின், பினாங்கு

அன்புள்ள மகளே,

நேற்று ராத்திரி டியூட்டி முடிந்து நீ போனில் அழுதது இன்னும் காதில் நிற்கிறது. அந்தச் சீனப் பெரியவரின் செயற்கைச் சுவாசக் குழாயை எடுப்பது பற்றிப் பேச்செடுத்ததும், "நான் ஹாவ் இல்லாத பிள்ளையா?" என்று மகன் கத்தினாராம். ஹாவ் என்றால் பிள்ளைக் கடமை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் மாரியம்மன் கோயிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் குவான் யின் கோயில். அந்த ஊதுபத்திப் புகையிலும் வளர்ந்தவள்தானே நீ!

அவர்மேல் கோபப்படாதே. பெற்றோர் தந்த உடம்புக்குக் கேடு செய்யாதிருப்பது கன்பூசிய வழியின் அரிச்சுவடி. உயிரை முடிப்பதற்கு அது லேசில் இணங்காது.

அதே வழியில் வந்தவர்தான் செங்சி. கன்பூசியஸின் சீடர், பெற்றோரைப் பேணுவதற்கே பேர் போனவர். அவர் சாகக் கிடந்த இரவில், விளக்குப் பிடித்திருந்த சிறுவன், இது பெரிய அதிகாரிகளுக்குரிய பாய் அல்லவா என்றான். தனக்கு உரியதல்ல என்று செங்சி உடனே பாயை மாற்றச் சொன்னார். உடம்பு தாங்காது, விடியட்டும் என்று மகன் கெஞ்சினார். உன்னைவிட இந்தப் பையனுக்கு என்மேல் அன்பு அதிகம் என்று கடிந்துகொண்டார் அப்பா. தூக்கி மாற்றினார்கள். புதுப் பாயில் சரியாகக் கிடத்துமுன் உயிர் போய்விட்டது. 'லீ ஜி' என்ற பழைய சடங்கு நூல் சொல்லும் கதை இது. நூல் அப்பாவின் பக்கம், நானும்தான்.

இதைச் சொல்லி அந்த மகனை மடக்கிவிடாதே. செங்சி தன் வாயால் கேட்டார், உன் நோயாளி கேட்கவில்லை. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று, எண்ணெய்க் குளியலும் இளநீருமாக முதியவர்களை அனுப்பிவைத்தார்களே, எத்தனை பேரைக் கேட்டுச் செய்தார்கள்? அதைக் கருணை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

முன்பே கேட்டுவைக்க வழியும் உண்டு. தைவானில் 2019இல் நடப்புக்கு வந்த சட்டம், மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க விடுகிறது. ஆனால் அதற்கான ஆலோசனையில் நெருங்கிய உறவினர் ஒருவராவது கூட உட்கார வேண்டும் என்றது. டாக்டரின் காதோடு சொல்லிவிட்டுப் போக முடியாது. கன்பூசியம் ஊறிய மண்ணில் சாவும் வீட்டுப் பேச்சுதான்.

நம் நாட்டுச் சட்டம் கருணைக்கொலையை ஏற்காது. பலன் தராத சிகிச்சையை நிறுத்துவது வேறு என்பதை அந்த மகனுக்கு நிதானமாகச் சொல். அவர் விருப்பத்தைக் கேட்காதே. அப்பாவால் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேள். பதில் வரும்வரை பக்கத்தில் இரு.

பெரியம்மாவும் நானும் எங்கள் விருப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பாதியில் நிற்கிறது. அடுத்த லீவில் வா, நீயும் கூட உட்கார வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா