துவரைக்குச் செம்மண் பூச்சு

அறுவடையானவுடன் களத்திலேயே துவரையை விற்றுவிடும் குடியானவர், விலை குறைவென்று அறிந்தே விற்கிறார். கடன் தவணையோடு, வைத்திருந்தால் உளுத்துப்போகும் என்னும் அச்சமும் சேர்ந்து அவரை அவசரப்படுத்துகிறது. ஆதலின் தானியத்தைக் காக்கும் முறை, விலையைக் காக்கும் முறையும் ஆகும்.

பயறு வண்டு தானியத்தைத் தின்பதில்லை. தின்பது அதன் புழுவே. பெண் வண்டு மணியின் வழுவழுப்பான தோல்மேல் முட்டைகளை ஒட்டிவைக்கும். முட்டையினின்றும் புழு நேரே தோலைத் துளைத்து உட்புகுந்து, பருப்பைத் தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி, வட்டத் துவாரமிட்டு வெளிவரும். ஒரு வண்டு நூறு முட்டை வரையும் இடக்கூடுமாதலால், தை மாதத்தில் இரண்டொரு மணியில் காணும் வெண்புள்ளி சித்திரைக்குள் குதிர் முழுவதையும் கெடுத்துவிடும்.

இதற்குத் தமிழ்நாட்டுக் குடியானவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை செம்மண் கட்டுதலாகும். சலித்த செம்மண்ணை நீரில் குழம்பாகக் கரைத்து, முழுத் துவரையில் பிசறி, வெயிலில் நன்கு உலர்த்திச் சேமிப்பர். மண் மூடிய மணியில் முட்டை செவ்வனே ஒட்டாது. புழு துளைப்பதும் அரிது. உடைக்குமுன் கழுவினால் மண் நீங்கிவிடும்.

நுண்ணிய தூள்கள் பூச்சியின் உடல்மேலுள்ள மெழுகுப் படலத்தை உராய்ந்து போக்குவதால் அதன் உடல்நீர் வற்றி மடிகிறது என்று, 1944-ஆம் வருஷத்தில் இங்கிலாந்துப் பூச்சியியல் அறிஞர் விக்கிள்ஸ்வொர்த் விளக்கினார். விதைப்பயறு 100 கிலோவுக்குப் பதப்படுத்திய வெண்களித் தூள் 1 கிலோ கலக்கும் முறையும் இத்தத்துவத்தையே பற்றியது. எண்ணெய்ப் பூச்சோ முட்டையை மூச்சுத் திணறச் செய்து அழிக்கும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி போதுமானது.

கவனிக்க வேண்டியவை:

1. வண்டு வயலிலேயே காய்மேல் முட்டையிடுவதுண்டு. மணிக்குள் புகுந்துவிட்ட புழுவைப் பூச்சு தடுக்காது. ஆகவே காலத்தில் அறுத்து, காயவைத்து, சொத்தை நீக்கிய பின்னரே பூசவேண்டும்.

2. பூசியபின் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை காயவேண்டும்.

3. பழஞ்சாக்கில் வண்டு ஒளிந்திருக்கும். அதனைக் கொதிநீரில் நனைத்து உலர்த்தியே பயன்படுத்துக.

4. வேப்பெண்ணெய் விதைக்கே உரியது. உணவுப் பயற்றுக்கு ஆமணக்கெண்ணெயோ கடலெண்ணெயோ தகும். எண்ணெய் அளவு மிஞ்சினால் விதையின் முளைப்புக் குன்றும்.

ஐயமுள்ளவர்கள் சோதித்தறியலாம். ஒரே களத்துத் துவரையை இரண்டு பானைகளிற் பங்கிட்டு, ஒன்றிற்கு மட்டும் மண் கட்டி, மூன்று மாதங்கழித்து ஒவ்வொன்றிலும் நூறு மணிகளை எடுத்துத் துவாரங்களை எண்ணுக.

உளுத்த சரக்கை எந்தச் சங்கமும் ஈடாக ஏற்காது. சொத்தையின்றிச் சேமிக்க வல்லவரே விளைபொருளைக் கூட்டுறவுக் கிடங்கில் ஈடுவைத்துக் கடன் பெற்று, தவணையையும் செலுத்தி, நல்ல விலை வரும்வரை காத்திருக்க முடியும். அதற்கு வேண்டிய முதலீடு ஒரு கூடைச் செம்மண்ணும் இரண்டு நாள் வெயிலுமே.