பிரிக்க முடியாதது எது?



கலியாணத்துக்கு ஆயத்தம் செய்யும் ஞானோபதேச வகுப்பில் சென்ற வாரம் ஒரு பெண் எழுந்து, "சுவாமி, தாலி ஏறிய பிறகும் நான் ஒரு இண்டிவிஜுவல்தானே?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. நேரமாகிறது என்று சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். அது சரியல்ல. ஆகவே அவளுக்குரிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும், மற்றவரை விட்டுப் பிரிந்து நிற்கும் தனி ஆள் என்று எண்ணுகிறோம். அதன் வேர்ப்பொருளோ நேர்மாறானது. லத்தீனில் 'தீவிதெரே' என்றால் பிரித்தல். 'இன்' என்னும் முன்னொட்டு அதை மறுக்கிறது. 'இன்திவீதுவுஸ்' என்றால் பிரிக்க முடியாதது. கிரேக்கர் அணுவுக்கு இட்ட பெயரை லத்தீனில் பெயர்க்கச் சிசெரோ கையாண்டது இதையே. (அணுவின் கருவை 1938-ல் ஜெர்மனியில் பிளந்தது வேறு கதை.)

நடுக்கால அரசர்களின் சாசனங்கள் பல, பரிசுத்தமும் பிரிக்கப்படாததுமான தமதிரித்துவத்தின் பெயரால் தொடங்கும். அங்கே நிற்பதும் இச்சொல்தான். 15-ம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் அது தமதிரித்துவத்தைக் குறித்து வழங்கியது.

பின் எப்படித் 'தனி ஆள்' ஆயிற்று? தர்க்க சாஸ்திரிகளின் வழியாக. மரம் என்னும் இனத்தை மா, பலா, வேம்பு என்று வகுக்கலாம். வகுத்துக்கொண்டே வந்தால், கடைசியில் உங்கள் கொல்லையில் நிற்கும் ஒரு மாமரத்தில் நின்றுவிட வேண்டும். அதையும் பிரித்தால் மரமிராது, விறகுதான் இருக்கும். குருமடத்தில் எனக்கு லத்தீன் பெரும்பாடாக இருந்தது. இந்த ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. ஆறாம் நூற்றாண்டில் போயேத்தியுஸ், 'ஆள்' என்பதற்குப் பகுத்தறிவுள்ள இயல்புடைய, பிரிக்கப்படாத ஒரு பொருள் என்று இலக்கணம் சொன்னார். அதன்படி அவள் முழு ஆள்தான். தாலி அவளைப் பாதியாக்காது. அவள் சம்பளமும் படிப்பும் பேச்சும் மாமியார் வீட்டு வாசலில் கழற்றி வைக்கும் செருப்பல்ல. மாப்பிள்ளை இதை இரண்டு முறை வாசிக்கட்டும்.

ஆனால் 533-ல் வெளியான யுஸ்தினியன் சக்கரவர்த்தியின் சட்டநூல், விவாகத்தை ஆணும் பெண்ணும் பிரிக்கப்படாத வாழ்வில் கூடுவது என்கிறது. 1566-ல் ரோமையில் வெளியான ஞானோபதேச நூலும் மெய்விவாகத்துக்கு ஏறக்குறைய அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் 'பிரிக்கப்படாத' என்பதற்கு உள்ள சொல் அவள் கேட்ட அதே சொல்!

தமிழில் 'தனிநபர்' என்று எழுதும்போது இந்தப் பாதிப் பொருள் விட்டுப்போகிறது. பொருத்தமான சொல் யாருக்கேனும் தோன்றினால், அடுத்த வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் முன்வரிசையில் உட்காரட்டும்.